குறைந்த விலைக் காமிராவை மதிப்பிடுவது எப்படி?

சங்கத்திற்கென ஒரு காமிரா வாங்கலாமா என்னும் கேள்வி பல சங்கங்களின் நிர்வாகக் குழுக் கூட்டங்களில் எழுந்து வருகின்றது. சேலையின் படத்தை வெளியூர் வியாபாரிக்கு அனுப்ப வேண்டும். நோய் கண்ட இலையின் படத்தை வேளாண் அலுவலருக்குக் காட்ட வேண்டும். பொதுச் சபைக் கூட்டத்தையும், புதிதாகக் கட்டிய கிடங்கையும் படமெடுத்து வைக்க வேண்டும். இவை யாவும் அன்றாடத் தேவைகளே. இவற்றிற்கு விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை, சிறிய டிஜிட்டல் காமிரா ஒன்றே போதும் என்பது பொதுவான எண்ணம். அவ்வெண்ணம் பெரும்பாலும் சரியே. ஆயினும், விலை குறைவு என்பதனாலேயே ஆராயாமல் வாங்கிவிடலாகாது. சிறு தொகையாயினும் அது அங்கத்தினரின் உழைப்பிலிருந்து வந்த தொகையாகும்.

காமிராவைப் பெட்டியின் மேல் அச்சிட்டுள்ள எண்களைக் கொண்டு மதிப்பிடக் கூடாது. நம் வேலையைக் கொண்டு, நம் துணியையும் நம் வெளிச்சத்தையும் வைத்தே மதிப்பிட வேண்டும். இப்பாடத்தில் நாம் விளக்க விரும்புவது இதுவே.

திரும்பி வந்த சேலைகள்

சில ஆண்டுகளுக்கு முன்னர் நாம் ஆய்வுக்காகச் சென்றிருந்த ஒரு நெசவாளர் சங்கத்தில், 24 சேலைகள் கட்டுப் பிரிக்காமல் மேசையின் மேல் கிடக்கக் கண்டோம். விசாரித்ததில், வெளியூர் வியாபாரி ஒருவர் படத்தைப் பார்த்து எலுமிச்சை மஞ்சள் என்று எண்ணி வாங்கினாரென்றும், சரக்கு கைக்கு வந்தபோது மாம்பழ மஞ்சளாக இருக்கக் கண்டு திருப்பி அனுப்பிவிட்டாரென்றும் தெரியவந்தது. நெசவில் குறையில்லை, சாயத்திலும் குறையில்லை. படம் இரவு வேளையில், குழல்விளக்கின் அடியில் எடுக்கப்பட்டிருந்தது. அவ்வளவுதான் நடந்த பிழை.

அங்கிருந்த வயது முதிர்ந்த நெசவாளர் ஒருவர் சேலை ஒன்றை எடுத்து வாயிற்படியில் வெயில் படும்படி விரித்துக் காட்டினார். "ஐயா, படத்தில் இருப்பதும் மஞ்சள்தான். ஆனால் அது நாங்கள் தோய்த்த மஞ்சள் இல்லை" என்றார். அச்சேலைகள் பின்னர் தள்ளுபடியில் விற்கப்பட்டன. விலையில் ஏற்பட்ட வேறுபாட்டைச் சங்கம் தாங்கிக்கொண்டது. அதற்கு முந்தைய ஆய்வின்போது காமிரா வாங்கிய பற்றுச்சீட்டையும் தீர்மானத்தையும் நாம் சரிபார்த்திருந்தோம். ஆனால் அக்காமிராவினால் எடுத்த ஒரு படத்தையேனும் துணியோடு ஒப்பிட்டுப் பார்த்தோமில்லை. இக்குறையை உணர்ந்ததன் பயனே இக்கட்டுரை.

காமிராவினுள் நடப்பது என்ன?

பழைய காமிராவில் ஒளி படச்சுருளின் மேல் விழுந்தது. டிஜிட்டல் காமிராவில் அவ்விடத்தில் ஒளியுணரி என்னும் சிறு தகடு உள்ளது. அத்தகடு இலட்சக்கணக்கான நுண்ணிய கட்டங்களாகப் பகுக்கப்பட்டது. ஒவ்வொரு கட்டமும் தன்மேல் விழும் ஒளியின் அளவை மின்சாரமாக மாற்றி, எண்ணாகக் கணக்கிட்டுத் தருகின்றது. ஒரு கட்டம் தரும் எண்ணே படத்தில் ஒரு புள்ளியாகும். பத்து இலட்சம் புள்ளிகள் சேர்ந்தது ஒரு மெகா பிக்சல்.

1975-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் என்னும் பொறியாளர் முதன்முதலாக இத்தகைய காமிரா ஒன்றை அமைத்தார். அதன் படத்தில் நீளவாக்கில் 100, அகலவாக்கில் 100 ஆக 10,000 புள்ளிகளே இருந்தன. ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிவு செய்ய 23 விநாடிகள் ஆயின.

கட்டங்கள் ஒளியின் அளவையன்றி நிறத்தை அறியமாட்டா. ஆகையால் ஒவ்வொரு கட்டத்தின் மேலும் ஒரு நிற வடிகட்டி வைக்கப்படுகின்றது. நான்கு கட்டங்களில் இரண்டிற்குப் பச்சை, ஒன்றிற்குச் சிவப்பு, ஒன்றிற்கு நீலம் என்பது முறை. இதே கோடாக் நிறுவனத்தைச் சேர்ந்த பிரைஸ் பேயர் இதனை வகுத்தார். 1976-இல் இதற்குக் காப்புரிமை வழங்கப்பெற்றது. ஒரு கட்டம் ஒரு நிறத்தையே அளக்கின்றது. மற்ற இரண்டு நிறங்களையும் அண்டைக் கட்டங்களைப் பார்த்துக் காமிரா கணித்துக்கொள்ளுகின்றது. எனவே படத்தில் நாம் காணும் நிறத்தில் ஒரு பகுதி அளந்தது, பெரும்பகுதி கணித்தது. இதனை நெசவாளர்கள் நினைவில் இருத்த வேண்டும்.

பெட்டியின் மேலுள்ள பெரிய எண்

கடைக்காரர் முதலில் கூறுவது மெகா பிக்சல் எண்ணையே. பதினாறைவிட இருபது உயர்ந்தது என்று நாமும் எண்ணிவிடுகின்றோம். நமக்கு உண்மையில் எத்தனை தேவை என்று கணக்கிட்டுப் பார்ப்போம்.

அச்சுக்கு ஓர் அங்குலத்திற்கு 300 புள்ளிகள் இருப்பின் படம் தெளிவாக இருக்கும். 4 அங்குலம் அகலமும் 6 அங்குலம் நீளமும் உள்ள சாதாரணப் படத்திற்கு 1,200-ஐ 1,800-ஆல் பெருக்க வேண்டும். வருவது 21 இலட்சத்து 60 ஆயிரம். அதாவது இரண்டு மெகா பிக்சலுக்குச் சிறிது அதிகம். ஏ4 தாள் முழுவதும் அச்சிடவும் சுமார் 87 இலட்சம் புள்ளிகளே வேண்டும். ஆகவே பத்து மெகா பிக்சல் உள்ள பழைய காமிராவும் அன்றாடப் படத்திற்கும், சங்கத்தின் ஆண்டறிக்கைக்கும் போதுமானது.

எண் கூடுவதனால் கெடுதல் உண்டோ எனின், ஒளியுணரியின் பரப்பு அப்படியே இருக்க எண் மட்டும் கூடினால் அவ்வாறு நேரக்கூடும். விலை குறைந்த காமிராக்கள் பெரும்பாலானவற்றில் உள்ள ஒளியுணரி "1/2.3 அங்குலம்" என்று குறிக்கப்படுவது. இக்குறியீடு பழைய தொலைக்காட்சிக் காமிராக் குழல்களின் அளவைப் பின்பற்றி வந்தது. தகட்டின் உண்மை அளவன்று. உண்மையில் அத்தகடு சுமார் 6.2 மில்லிமீட்டர் நீளமும் 4.6 மில்லிமீட்டர் அகலமும் உள்ளது. பரப்பு ஏறத்தாழ 28 சதுர மில்லிமீட்டர். பழைய 35 மில்லிமீட்டர் படச்சுருளில் ஒரு படத்தின் பரப்பு 864 சதுர மில்லிமீட்டர். அதாவது அதில் முப்பதில் ஒரு பங்கே நம் காமிராவுக்குக் கிடைத்த நிலம்.

ஒரே நிலத்தைப் பதினாறு பங்காகப் பிரிப்பதற்குப் பதில் இருபது பங்காகப் பிரித்தால் நிலம் வளர்ந்துவிடாது, பங்கு சிறுக்கும். கட்டம் சிறுத்தால் அதன்மேல் விழும் ஒளியும் குறையும். வெயிலில் இக்குறை தெரியாது. தறிக்கூடத்தின் மங்கிய வெளிச்சத்தில், ஒளிக்குறைவை ஈடுசெய்யக் காமிரா மின்குறிப்பைப் பெருக்கும்போது, படத்தில் மணல் தூவியதுபோன்ற புள்ளிகள் தோன்றும். அப்புள்ளிகளைத் துடைக்கக் காமிராவே முயலும். அம்முயற்சியில் நூலிழையின் நுட்பமும் சேர்ந்து மறைந்துவிடும். துணி மெழுகு பூசியதுபோல் தோன்றுவதற்குக் காரணம் இதுவே.

நெசவும் அலைக்கோலமும்

மெல்லிய துணி இரண்டை ஒன்றன்மேலொன்றாக இட்டு வெளிச்சத்தில் பிடித்தால், இரண்டிலும் இல்லாத ஓர் அலை அலையான கோலம் தோன்றுவதை நெசவாளர் அனைவரும் கண்டிருப்பர். கொசுவலையை மடித்துப் பார்த்தாலும் அதுவே தோன்றும். காமிராவின் ஒளியுணரியும் பாவும் ஊடையும்போல் நெடுக்கிலும் குறுக்கிலும் அமைந்த கட்டங்களையுடையது. நம் துணியின் இழைக்கணக்கும் அதன் கட்டக்கணக்கும் ஏறக்குறைய ஒத்துவரும்போது, படத்தில் அதே அலைக்கோலம் விழுகின்றது. சில வேளைகளில் அது சிவப்பும் பச்சையுமாக வானவில்போல் தோன்றும். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் "மாயர்" என்னும் பிரெஞ்சுச் சொல்லும் நீரலைபோல் மினுக்கிய பட்டுத்துணியின் பெயரிலிருந்தே வந்தது.

எவ்வளவு தொலைவில் இது நேரும் என்பதைக் கணக்கிட முடியும். அங்குலத்திற்கு 60 இழைகள் உள்ள துணியில் ஓர் இழைக்கு 0.42 மில்லிமீட்டர் இடம் உண்டு. 20 மெகா பிக்சல் படத்தில் நீளவாக்கில் சுமார் 5,150 புள்ளிகள் உள்ளன. படத்தின் நீளத்திற்குள் 2.2 மீட்டர் துணி அடங்கினால், ஓர் இழைக்கு ஒரு புள்ளி என்று ஆகும். அலைக்கோலத்திற்கு ஏற்ற நிலை இது. அரை மீட்டர் துணி மட்டும் அடங்குமாறு நெருங்கி எடுத்தால், ஓர் இழைக்கு நான்கு புள்ளிகளுக்கு மேல் கிடைக்கும். இழை இழையாகவே தெரியும். ஐந்தரை மீட்டர்ச் சேலை முழுவதையும் ஒரே படத்தில் அடக்கினால், ஒரு புள்ளிக்குள் இரண்டு இழைகளுக்கு மேல் அடங்கிவிடும். நெசவின் தரம் அப்படத்தில் தெரியவே தெரியாது.

இதிலிருந்து நாம் அறியவேண்டியது யாது? ஒரு சேலைக்கு ஒரு படம் போதாது. முழுத் தோற்றத்திற்கு ஒன்று, முந்திக்கு ஒன்று, கரையும் உடலும் சேருமிடத்திற்கு ஒன்று, இழை தெரிய மிக நெருங்கி ஒன்று என நான்கு படங்களேனும் வேண்டும். அலைக்கோலம் தோன்றினால் ஓரடி முன்னே சென்றோ பின்னே வந்தோ, காமிராவைச் சிறிது சாய்த்தோ மீண்டும் எடுத்தால் பெரும்பாலும் மறைந்துவிடும். காமிராவின் சிறு திரையில் மட்டும் அலை தோன்றி, படத்தைப் பெரிதாக்கும்போது இல்லாமற் போவதும் உண்டு. ஆகவே பெரிதாக்கிப் பார்த்தே முடிவு செய்யவேண்டும்.

நிறம்

காலை வெயிலிலும் விளக்கொளியிலும் வெள்ளைத் தாளை நம் கண் வெள்ளையாகவே கொள்ளும். காமிரா அப்படியன்று. மஞ்சள் விளக்கில் தாள் மஞ்சளாகவே பதியும். இதனைத் திருத்துவதற்குக் காமிராவில் உள்ள ஏற்பாடே வெண்மைச் சமன். இதனைத் தானாக முடிவு செய்யுமாறு விட்டுவிட்டால், படம் முழுவதும் ஒரே நிறச் சேலை நிறைந்திருக்கும்போது, சேலையின் நிறத்தையே விளக்கின் குற்றமென்று கருதிக் காமிரா மாற்றிவிடக்கூடும். வெயில், மேகமூட்டம், குழல்விளக்கு என்று நாமே குறிப்பிடும் வசதி பெரும்பாலான காமிராக்களில் உண்டு. வெள்ளைத் தாளைக் காட்டிச் சரிசெய்துகொள்ளும் வசதியும் இருப்பின் அது மேலும் நன்று. வாங்குமுன் இதனைக் கேட்டறிய வேண்டும்.

இரண்டு நூல்கள் ஒரு விளக்கின் அடியில் ஒரே நிறமாகவும், வெயிலில் வெவ்வேறு நிறமாகவும் தோன்றுவதைச் சாயத் தொழிலில் பழகியவர்கள் அறிவர். காமிராவுக்கும் கண்ணுக்குமிடையே அத்தகைய வேறுபாடு உண்டு. கத்திரிப்பூ நிறம் நீலமாகப் பதிவதும் இதனாலேயே. மயில்கழுத்து நிறத்தில் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் ஆதலால், பார்க்கும் பக்கத்திற்கேற்ப நிறம் மாறும். ஒரே படத்தில் அதனைக் காட்ட இயலாது. சரிகையின் மேல் ஃபிளாஷ் விளக்கின் ஒளி நேரே பட்டால், சரிகை வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். ஆகவே துணியைப் படமெடுக்க ஃபிளாஷ் விளக்கை நிறுத்திவிட்டு, காலையில் வடக்கு நோக்கிய சன்னலருகிலோ நேர்வெயில் படாத திண்ணையிலோ எடுப்பதே முறை.

இவ்வளவு செய்தாலும், வியாபாரி பார்க்கும் திரையில் நிறம் மாறித் தோன்றக்கூடும். அதற்கு நாம் பொறுப்பாளியல்லோம். ஆயினும் திரும்பி வரும் சரக்கு நம்முடையது. இதற்கு எளிய பரிகாரம் உண்டு. சங்கத்தில் தோய்க்கும் ஒவ்வொரு நிற நூலையும் ஓர் அட்டையில் சுற்றி, அதற்கு ஓர் எண் இட்டு, அதேபோன்ற அட்டையொன்றை வாடிக்கையாக வாங்குவோருக்கு முன்கூட்டியே அனுப்பிவைக்கலாம். படமெடுக்கும்போது சேலையின் பக்கத்தில் அந்த நூலட்டையும் ஒரு வெள்ளைத் தாளும் படத்தில் விழும்படி வைக்க வேண்டும். வியாபாரி நிறத்தைப் படத்தில் பார்த்து, எண்ணை அட்டையில் பார்த்து ஆர்டர் கொடுப்பார். மேற்கூறிய சங்கத்தில் இப்பொழுது இம்முறையே கைக்கொள்ளப்படுகின்றது. காமிரா மாற்றப்படவில்லை, பழையதே இருக்கின்றது.

ஜூம், கைநடுக்கம், அண்மைப்படம்

தூரத்திலுள்ளதைப் பெரிதாக்கிக் காட்டும் ஜூம் இருவகை. வில்லைகள் நகர்ந்து பெரிதாக்குவது ஒன்று, இதுவே உண்மையானது. எடுத்த படத்தின் நடுப்பகுதியை மட்டும் வெட்டிப் பெரிதாக்குவது மற்றொன்று; இது டிஜிட்டல் ஜூம் எனப்படும். பின்னதனால் புதிதாக எந்த நுட்பமும் கிடைப்பதில்லை. பெட்டியில் இரண்டையும் பெருக்கிப் பெரிய எண்ணாக அச்சிட்டிருந்தால் ஏமாறக் கூடாது.

ஜூம் கூடக்கூடக் கைநடுக்கமும் பெரிதாகப் பதியும். நடுக்கத்தைத் தடுக்கும் ஏற்பாடு வில்லையிலேயே இருப்பின் நலம். இல்லையாயின் முக்காலியில் பொருத்தி, இரண்டு விநாடி கழித்துத் தானே படமெடுக்கும் ஏற்பாட்டைப் பயன்படுத்தலாம். ஆகவே அடியில் முக்காலி பொருத்தும் திருகுத் துளை உள்ளதா என்று பார்க்க வேண்டும்.

விவசாய அங்கத்தினருக்கு அண்மைப்படமே முதன்மையானது. சிறு காமிராக்களில் ஜூம் செய்யாத நிலையிலேயே மிக அருகில் சென்று தெளிவாக எடுக்க முடியும்; ஜூம் செய்தபின் அவ்வாறு நெருங்க இயலாது. செடி முழுவதற்கும் ஒரு படம், இலையின் மேற்புறத்திற்கு ஒன்று, அடிப்புறத்திற்கு ஒன்று என மூன்று எடுக்க வேண்டும். வெள்ளை ஈயும் செஞ்சிலந்தியும் இலையின் அடிப்புறத்திலேயே பெரும்பாலும் தங்குவதால், மேற்புறப் படத்தை மட்டும் அனுப்பினால் அலுவலர் நோயைத் தவறாகக் கருத இடமுண்டு. தவறான மருந்துக்குச் செலவும் நேரும். அளவு தெரிய ஒரு நாணயத்தையோ அளவுகோலையோ பக்கத்தில் வைக்க வேண்டும். நேர்வெயிலில் எடுக்காமல் நம் நிழலில் எடுப்பது நன்று.

இரண்டு மாதிரிகளை ஒப்பிடுதல்

உதாரணமாக இரண்டு காமிராக்களை எடுத்துக்கொள்வோம். முதலாவது, 2014-இல் அறிமுகமான சோனி சைபர்-ஷாட் டபிள்யூ 830. அதில் 20.1 மெகா பிக்சல். 8 மடங்கு ஜூம். வில்லையிலேயே கைநடுக்கத் தடுப்பு. தனி லித்தியம் மின்கலம். இது இப்பொழுது உற்பத்தியில் இல்லை. பழைய இருப்பாகவும், பிறர் பயன்படுத்திய கருவியாகவும் கிடைக்கக்கூடும். இரண்டாவது, கோடாக் என்னும் பெயரை உரிமம் பெற்று வேறொரு நிறுவனம் விற்கும் பிக்ஸ்ப்ரோ எஃப்.இசட். 45. அதில் 16 மெகா பிக்சல்; 4 மடங்கு ஜூம்; கடைகளில் கிடைக்கும் 'டபுள் ஏ' மின்கலங்கள் இரண்டு.

எண்களை மட்டும் பார்ப்போர் முதலாவதே சிறந்தது என்பர். ஆனால் இரண்டிலும் உள்ள ஒளியுணரி ஒரே 1/2.3 அங்குல அளவினது. நிலம் ஒன்றே, பங்கின் எண்ணிக்கைதான் வேறு. ஆகவே தெளிவில் பெரும் வேறுபாட்டை எதிர்பார்ப்பதற்கில்லை. மேடையிலிருந்து தொலைவில் நின்று கூட்டங்களைப் படமெடுக்க வேண்டியிருப்பின், நீண்ட ஜூமும் நடுக்கத் தடுப்பும் உள்ள முதலாவது உதவும். மின்சாரம் எளிதில் கிட்டாத வயற்புறங்களுக்குக் கொண்டுசெல்வதாயின், எங்கும் கிடைக்கும் மின்கலத்தில் இயங்கும் இரண்டாவது உதவும். சேலையைத் திண்ணையில் வைத்து எடுப்பதற்கு இரண்டில் எதுவும் போதும். எது சிறந்தது என்று கேட்பதைவிட எந்த வேலைக்கு என்று கேட்பதே பொருந்தும்.

மொத்தச் செலவு

காமிராவின் விலை மட்டும் செலவாகாது. நினைவு அட்டை, மாற்று மின்கலம், உறை, முக்காலி ஆகியவற்றையும் சேர்த்தே விலைப்புள்ளி பெறவேண்டும். டபுள் ஏ மின்கலம் இடும் காமிராவுக்கு, சுவர்க் கடிகாரத்தில் இடும் மலிவான மின்கலங்கள் உதவா. சில படங்களிலேயே தீர்ந்துவிடும். மீண்டும் மின்னேற்றக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு மின்கலங்கள் நான்கும், மின்னேற்றியும் வாங்கினால் பல ஆண்டுகள் பயன்படும். தனி லித்தியம் மின்கலமாயின், உற்பத்தி நின்ற மாதிரிக்கு மாற்று மின்கலம் கிடைக்குமா என்று முன்னரே விசாரிக்க வேண்டும்.

பயன்படுத்திய காமிராவாயின் கூடுதல் சோதனை தேவை. வில்லை தடையின்றி வெளிவந்து உள்ளே செல்லுகின்றதா? மின்கலக் கூட்டில் பச்சை படிந்துள்ளதா? வெள்ளைச் சுவரைப் படமெடுத்தால் கறுப்புப் புள்ளிகள் தோன்றுகின்றனவா? வில்லையினுள் பூஞ்சை நரம்பு ஓடியிருக்கின்றதா? இவற்றில் ஒன்று காணப்பெற்றாலும் அக்கருவியை விட்டுவிடுவதே நலம். பழுது நீக்கும் செலவு பெரும்பாலும் வாங்கிய விலையை மிஞ்சும்.

கைபேசி இருக்கக் காமிரா எதற்கு?

இக்கேள்வி நியாயமானதே. 2010-ஆம் ஆண்டில் ஜப்பானியக் காமிரா உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்குப்படி சுமார் 12 கோடி டிஜிட்டல் காமிராக்கள் விற்பனைக்கு அனுப்பப்பட்டன. 2020-இல் அத்தொகை 90 இலட்சத்திற்கும் கீழே இறங்கிற்று. கைபேசியே இதற்குப் பெருங்காரணம். கைபேசியின் ஒளியுணரியும் சிறியதே. எனினும் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகச் சேர்த்துவிடும் ஆற்றல் அதற்கு உண்டு. இதனால் மங்கிய வெளிச்சத்தில் நல்ல கைபேசி, விலை குறைந்த காமிராவைவிடத் தெளிவான படம் தருவதுண்டு.

ஆகவே சங்கத்தில் ஏற்கெனவே உள்ள கைபேசியை முதலில் சோதித்துப் பார்த்து, அது போதுமாயின் காமிரா வாங்காமலிருப்பதே சிக்கனம். காமிராவுக்கு உள்ள சிறப்புகள் மூன்று: வில்லையால் ஆன உண்மை ஜூம், முக்காலியில் எளிதாகப் பொருத்தும் வசதி, அது காரியதரிசியின் சட்டைப்பையில் அன்றி, சங்கத்தின் அலமாரியில் இருப்பது. காரியதரிசி மாறினாலும் படங்கள் சங்கத்தை விட்டுப் போகமாட்டா. இம்மூன்றும் நமக்கு வேண்டுமா என்று பார்த்து முடிவு செய்யலாம். எதனால் எடுத்தாலும், வாட்ஸ்அப் வழியாகப் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டுவிடும். ஆவணமாக அனுப்பினால் எடுத்தபடியே சென்றடையும்.

வாங்குமுன் செய்யவேண்டிய சோதனை

1. சங்கத்தின் நினைவு அட்டை ஒன்றையும், நுண்ணிய கட்டம்போட்ட துணி, சரிகைக் கரையுள்ள துணி, கத்திரிப்பூ நிறத் துணி ஆகியவற்றில் ஒவ்வொரு துண்டையும், ஒரு வெள்ளைத் தாளையும் கடைக்கு எடுத்துச் செல்க.

2. ஃபிளாஷ் விளக்கை நிறுத்திவிட்டு, கடையின் உள்ளே ஒரு முறையும் வாயிற்படியில் ஒரு முறையும் அவற்றைப் படமெடுக்க.

3. கட்டம்போட்ட துணியை ஓரடி, மூன்றடி, ஆறடித் தொலைவிலிருந்து எடுக்க.

4. அச்சிட்ட தாள் ஒன்றை எவ்வளவு அருகில் சென்று எழுத்துத் தெளியுமாறு எடுக்க முடிகின்றதென்று பார்க்க.

5. ஜூமை முழுதும் நீட்டி, எதிர்க்கடையின் பெயர்ப்பலகையை எடுக்க.

6. படங்களைச் சங்கத்தின் கணினித் திரையில் முழு அளவில் பெரிதாக்கி, துணியைப் பக்கத்தில் வைத்து, குறைந்தது இரண்டு நெசவாளரும் ஒரு விவசாயியும் பார்த்துக் கருத்துக் கூறச் செய்க.

கடைக்காரர் இதற்கு இசையாவிடில், அல்லது தபாலில் தருவித்து வாங்குவதாயின், எத்தனை நாட்களுக்குள் திருப்பித் தரலாம் என்பதை எழுத்தில் பெற்றபின் வாங்கி, அந்நாட்களுக்குள் இச்சோதனையை முடித்துவிட வேண்டும்.

அலுவலக நடைமுறையும் மறக்கத்தக்கதன்று. மூன்று விலைப்புள்ளிகள் பெற்று, நிர்வாகக் குழுத் தீர்மானத்தில் காமிரா எந்த வேலைக்கு என்பதையும் குறிப்பிட வேண்டும். பற்றுச்சீட்டையும் உத்தரவாத அட்டையையும் கோப்பில் சேர்த்து, கருவியைத் தளவாடப் பதிவேட்டில் வரிசை எண்ணுடன் பதிவு செய்ய வேண்டும். பொறுப்பாளர் ஒருவரை நியமித்து, படங்களை மாதந்தோறும் இரண்டு இடங்களில் பிரதி செய்து வைக்க வேண்டும். ஆய்வுக்கு வருவோர் கேட்குமுன்னரே, துணியையும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவீர்களாயின், பற்றுச்சீட்டினும் அது சிறந்த சான்றாகும்.

படம் என்பது வியாபாரிக்கு நாம் கொடுக்கும் வாக்கு. தறியில் ஓர் இழை தவறினால் அதனைக் கண்டு முடிந்துகொள்ளும் கை நம்முடையது. அதே கவனத்தைப் படத்திலும் செலுத்தினால், குறைந்த விலைக் காமிராவும் அவ்வாக்கைக் காப்பாற்றும்.

வாசக வட்டத்தில் விவாதிப்பதற்குரிய வினாக்கள்

1. நம் சங்கத்தில் காமிரா எந்தெந்த வேலைகளுக்குத் தேவைப்படுகின்றது? அவற்றுள் கைபேசியால் முடியாதவை எவை?

2. நம் துணிகளில் அங்குலத்திற்கு எத்தனை இழைகள்? எவ்வளவு துணி படத்தில் அடங்கும்போது அலைக்கோலம் தோன்றக்கூடும்? கணக்கிட்டுச் சோதிக்க.

3. நம் சாயங்களுக்கு எண்ணிட்ட நூலட்டை உள்ளதா? இல்லையேல் அதனைச் செய்யும் பொறுப்பை யார் ஏற்பது?

4. சென்ற ஆண்டில் நிறவேறுபாட்டினால் திரும்பிவந்த சரக்கு எவ்வளவு? அத்தொகைக்கும் ஒரு காமிராவின் விலைக்கும் உள்ள வேறுபாடு என்ன?